அந்தப் பாதி முகம் கறுப்பாகவே இருக்கட்டும்

என் அடாவடிக் கண்ணு நந்தினிக்கு,

அப்பா எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. நீ பார்த்திருந்தால், "ஏனுங்கப்பா, ஓவர்லாக் தையல் அடிச்ச மாதிரி எழுத்தெல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்குது?" என்று சிரித்திருப்பாய்.

என் மூஞ்சியைக் கீற ஆரம்பித்தாயே, அந்த போர்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அட்டையில் வெள்ளைக் களிமண் பூசி, உப்புத்தாளில் தேய்த்து, மேலே கறுப்பு மை அடித்து நீயே செய்தது. உடைந்த ஓவர்லாக் ஊசியைப் பேனாக்கட்டையில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாய். "என் நிறத்துக்கு இதை அப்படியே மாட்டிடலாமே, எதுக்குக் கண்ணு கீறிக்கிட்டு?" என்றேன்.

"ஆடாம உக்காருங்கப்பா. இதுல கறுப்பை வரைய முடியாது. வெளிச்சத்தை மட்டுந்தான் கீறி எடுக்கலாம். நீங்க சிரிச்சா வெளிச்சம் எடம் மாறிப் போகுது."

மீசை நரைக்கு ஒரே இழுப்பு. கன்னத்துக்குப் பொடிப்பொடிக் கீறல். நெருக்கிப் போட்டால் வெளிச்சம், தள்ளிப் போட்டால் நிழல். கொஞ்சம் அழுத்தினாலும் களிமண் பெயர்ந்து அட்டை பல்லிளித்துவிடும் என்பாய். இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் முழுக்கக் கறுப்பாக இருக்கும்போதுதான் உனக்குக் காய்ச்சல் வந்தது.

காய்ச்சலோடுதான் நம் பனியன் கம்பெனி டிசைன் ரூமில் உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருந்தாய். "ஷிப்மென்ட் போகட்டும் பாப்பா, அப்புறம் ஒரு வாரங்கூட லீவு எடுத்துக்க" என்றார் முதலாளி. ஷிப்மென்ட் போயிற்று. நீயும் போய்விட்டாய். இப்போது யாரும் உன்னிடம் லீவு லெட்டர் கேட்பதில்லை.

உன் முதல் வருஷ நினைவுக்கு முதலாளி கம்பெனியில் எல்லோருக்கும் டீ-ஷர்ட் தருகிறாராம். "அண்ணா, பாப்பா கடைசியாப் போட்ட படத்தையே பிரிண்ட் பண்ணிக்கலாமுங்க" என்று வீட்டுக்கே வந்து கேட்டார். நெஞ்சில் என் மூஞ்சியும் கம்பெனி பெயரும், முதுகில் உன் பெயர். "குடுக்காதீங்க" என்றாள் உங்கம்மா. நான் கேட்டேனா? தூக்கிக் கொடுத்துவிட்டேன். நெருப்பெரிச்சல் ஊர் பூராவும் என் மூஞ்சியைப் போட்டுக்கொண்டு திரியும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

துணியில் கறை, ஓட்டை பார்க்கிற செக்கிங் டேபிளில் போர்டை வைத்திருக்கிறார்கள். கறை என்றால் நம் ஆட்களுக்குக் கை தானாகக் கறை எடுக்கிற மருந்துத் துப்பாக்கிக்குத்தானே போகும்? புதிதாகச் சேர்ந்த பொண்ணு ஒன்று கறுப்புப் பாதியில் மருந்தைப் பீய்ச்சி, துடைத்து, வெள்ளையாக்கிவிட்டது. "பாதிப் படத்துல இங்க் கொட்டிப் போச்சுன்னு நெனச்சனுங்கண்ணா" என்று அழுதது. அந்தப் பொண்ணை என்னவென்று திட்டுவது? அதற்கு உன்னைத் தெரியாது.

முதலாளிக்குத் தெரியும். அவர் சொல்கிறார்: "விடுங்கண்ணா. கம்ப்யூட்டர்ல இந்தப் பாதியத் திருப்பி அந்தப் பக்கம் ஒட்டிட்டா முழு மூஞ்சி வந்துருமுங்க. பாப்பா முடிச்ச மாதிரியே இருக்கும்."

"அவ முடிக்கலீங்களே. நீங்க முடிக்க உடலீங்களே" என்றேன்.

அவரிடம் தையல்காரனாக இத்தனை வருஷம் இருந்த வாய். திட்டும்போதுகூட 'ங்க' போடாமல் வரவில்லை பார், கண்ணு. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டீ-ஷர்ட் வேண்டாம் என்று போர்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கீறல் தப்பாகிப் போனால் மெல்லிசாக மை பூசி, காய்ந்த பிறகு திரும்பக் கீறலாம் என்று நீ சொன்னது நினைவில் இருந்தது. உன் மை பாட்டிலைத் திறந்து அந்தப் பாதிக்குப் பூசினேன். தரையிலும் பூசினேன், வேட்டியிலும் பூசினேன். உங்கம்மா ஊசியை எடுத்து நீட்டி, "நீங்களே ரெண்டு கோடு போட்டா என்னங்க?" என்றாள். வாங்கி, மறுபடியும் உன் டப்பாவிலேயே போட்டு மூடினேன்.

வலது பக்கம் எதில் ஆரம்பித்திருப்பாய்? கண்ணிலா, காதிலா?

போர்டு இனி ஊட்டை விட்டு வெளியே போகாது, கண்ணு. அந்தப் பாதியில் யார் கீறலும் விழாது, என்னுடையதும். ஆடாமல் உட்காரச் சொன்னாய் அல்லவா? உட்கார்ந்தே இருப்பேன்.

சிரிக்காமல்,
உன் அப்பன்