சந்தனப் பொட்டு வைத்த இன்குபேட்டர்

வெள்ளிக்கிழமை. பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த நாள்.

காலையில் ஆய்வகத்தைத் திறந்தபோது, நுண்ணுயிர் வளர்க்கும் இன்குபேட்டர் சந்தனமும் குங்குமமுமாகப் பளபளத்தது. உள்ளே ஒரு கண்ணாடித் தட்டுகூட இல்லை. ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைத்தவர்கள், பூஞ்சை பிடித்த அழுக்கு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள். என் மூன்றாமாண்டு மாணவி சங்கீதா ஒரகடம் ஓடைச் சேற்றிலிருந்து பிரித்து வளர்த்த, எண்ணெய் தின்னும் பாக்டீரியா அதில்தான் இருந்தது. மறுபடி வளர்க்க மாதங்கள் ஆகும். ப்ராஜெக்டைச் சமர்ப்பிக்க வேண்டியது அடுத்த வாரம்.

துறைத் தலைவரிடம் போனேன். எனக்கு ஜூனியர், தாளாளரின் மருமகன். "பூஜைன்னா க்ளீன் பண்ணத்தான் சார் செய்வாங்க. போன வருஷ பேட்ச் ரீடிங்க எழுதிக்கச் சொல்லுங்க, யாரு பாக்கப் போறா?" என்று பொரியை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

சங்கீதா அழவில்லை. "மத்தவங்கல்லாம் ப்ராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்து வாங்கிக்கினாங்க சார். நான்தான் லூசு மாதிரி சேத்துல எறங்குனேன்" என்றாள். பிறகு, "இன்னா சார் பண்றது? போன வருஷ ரீடிங்கையே எழுதிடட்டா?"

"எழுதிடும்மா" என்றேன்.

வேண்டாம் என்பேன் என்று நம்பித்தான் கேட்டிருக்கிறாள். அது அப்புறம்தான் புரிந்தது. மாலை கல்லூரிப் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாள். சுங்குவார்சத்திரத்தில் இறங்கும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.