உன் வண்டியில் பிறந்தவன்

நேற்று ஜமுனாமரத்தூர் பேருந்து மேட்டில் திணறியபோது, கிளட்ச் தீயும் வாடை ஜன்னல் வழியாக வந்தது. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ உன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. நீ போனபின் நான் மலை ஏறுவது இதுதான் முதல் தடவை.

பட்டாளத்தில் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்த வண்டி அது. கதவு கிடையாது, ஹாரனும் நினைத்தால்தான் கூவும். கல்யாணத்துக்கு ஆள் ஏற்றியும் புளி மூட்டை இறக்கியும் அது சம்பாதித்ததில்தான் உன் வீட்டில் உலை கொதித்தது. இதெல்லாம் தெரிந்தும், "காட்டுல கூடாரம் போட்டுத் தங்கணும்டா" என்று உன்னை அரித்தெடுத்தவன் நான். மாதச் சம்பளக்காரனுக்கு ஆசைக்கு என்ன குறை?

எண்பதுகளின் தொடக்கம். போளூரிலிருந்து கிளம்பி, தார்ச்சாலை முடிந்த இடத்தில் முன்சக்கரங்களுக்கும் கியர் போட்டு, பாறையும் பள்ளமுமான வண்டித்தடத்தில் ஏறினோம். கூடாரமாவது ஒன்றாவது, ஜீப்பிலிருந்து ஒரு மரத்துக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம், அவ்வளவுதான். ஓடைத் தண்ணீரில் நீ கோழிக்குழம்பு வைத்தாய். நான் உப்புப் பார்த்துப் பார்த்தே பாதியைக் காலி செய்தேன். அப்போதுதான் சொன்னாய்: "பிரேக்கு பாதிதான் புடிக்குது. நாம ரெண்டு பேர்ன்றதால கியர்லயே எறக்கிடுவேன். ஆள் ஏத்தினா ஆவாது."

மறுநாள் காலையில், வலி எடுத்த ஒரு பெண்ணை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். கூடவே அவள் புருஷனும் மாமியாரும். போளூர் ஆஸ்பத்திரிவரை தோளிலேயே இறக்கியாக வேண்டும். உன் முகத்தைக்கூடப் பார்க்காமல், "வண்டில ஏத்துங்க" என்றேன்.

நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். "படுக்க வெச்சி நல்லாப் புடிச்சிக்கோங்கம்மா" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாய்.

பாதி இறக்கத்தில் பிரேக் முழுசாகப் போய்விட்டது. ஒரு பக்கம் பள்ளம். நீ மறுபக்கத்து மண்மேட்டில் வண்டியைத் தேய்த்துத் தேய்த்தே வேகத்தைக் குறைத்தாய். மட்கார்டு பிய்ந்தது, முன் அச்சு வளைந்தது. அதே கோலத்தில் நொண்டி நொண்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தோம். நர்ஸம்மா ஓடி வருவதற்குள் வண்டியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது.

புருஷன்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேர் இன்னாங்க?" என்றான். "தாமோதரன்" என்றேன். கேட்டதற்குத்தானே சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ வண்டிக்கு அடியில் கிடந்தாய். தலையை மட்டும் நீட்டி, "அந்தப் பொண்ணு எப்பிடி கீது?" என்று கேட்டாய். நான் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

அதைத் தேற்ற முடியாது என்று மெக்கானிக் கைவிரித்தான். பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டாய். அதன்பிறகு கடைசிவரை ஊரார் லாரிதான் ஓட்டினாய். முதலாளியாக இருந்தவனைக் கூலிக்காரனாக்கியது என் தர்மசிந்தனை. வண்டி உன்னுடையது, வாய் என்னுடையது.

குழந்தையோடும் ஒரு பை சாமையோடும் அவர்கள் என் வீட்டுக்கு வந்த அன்று நீயும் இருந்தாய். "உங்க பேருதாங்க வெச்சிருக்கோம்" என்றான் அவன். நான் சாமைப் பையை வாங்கி உள்ளே வைத்தேன். நீதான் சிரித்தாய். "நல்ல வேளை, என் பேர வெச்சிருந்தா பள்ளிக்கூடத்துல புள்ளைய ஓட்டியே கொன்னுருப்பானுங்க."

அந்தச் சின்னத் தாமோதரன் இப்போது புது வீடு கட்டியிருக்கிறான். நேற்று அங்கேதான் கிரகப்பிரவேசம். என்னை முதல் வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டான். "இவரு வண்டிலதான் நான் பொறந்தேன்" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினான். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தேன், ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து காலில் விழுந்தார்கள். இதுவும் ஒரு சாக்குதான் என்று எனக்கே தெரியும்.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து இலையில் இனிப்பை வைத்தபடி அவனே கேட்டான்: "அந்த ஜீப்பு இன்னா ஆச்சுங்க? இருந்தா இங்க கொண்டாந்து வாசல்ல நிறுத்தி வெச்சிக்குவேன்."

அப்போதாவது உன் பெயரைச் சொல்லியிருக்கலாம். கேட்டவன் அவன், கேட்க ஊரே உட்கார்ந்திருந்தது.

"வித்துட்டேம்பா" என்றேன்.