பின்சீட் இல்லாத பைக்

என் வீட்டு அதிகாரிக்கு,

நானும் தொப்பையும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

லீவு நாளில் இங்கே வேலைக்கு வந்த நாங்கள் பைக் பந்தயம் ஓட்டுகிறோம். நானும் ஒரு வண்டி வாங்கிவிட்டேன், திட்டாதே. பெரிய வண்டியைத்தான் பார்த்து நின்றேன். மெக்கானிக், "அண்ணே, முதல் வண்டி விழுந்து பழகத்தான். சின்னதா, பழசா எடுங்க" என்றார். எடை குறைய பின்சீட்டையும் கழற்றிவிட்டார்.

முதல் வளைவிலேயே விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். தப்பு உன்னுடையது. சட்டையைப் பிடித்திழுத்து, "மெதுவாப் போங்க" என்று சொல்லப் பின்னால் ஆளில்லையே.

அதை ஒருமுறை போனில் பேசி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். பின்சீட்டை விற்கவில்லை. துடைத்துக் கட்டிலடியில் வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்