அணைக்க மறந்த மைக்

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம் என்று மட்டும் எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் விவரமும் சொல்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. என் முன்கோபம் அப்படியே இருக்கிறது. உன் கடிதம் யார் யார் கையோ மாறி, மூலையெல்லாம் மடங்கி, நேற்றுதான் வந்து சேர்ந்தது. அம்மா தான் படித்துத் தீர்த்த பிறகே என்னிடம் தந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் குண்டு விழுந்ததிலிருந்து வலது காதில் ‘ஙொய்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று, ஏதோ ஜலதோஷம் மாதிரி ஒரே வரியில் எழுதிவிட்டாய். நர்ஸம்மாவுக்கு அடுத்தவர் காயம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுமோ? நான் காலமெல்லாம் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். காதின் அருமை எனக்குத் தெரியும். முதல் வேலையாக டாக்டரிடம் காட்டு.

அடுத்தது நீ கேட்ட கேள்வி. “அங்க நின்னு கத்துனா இங்க கேக்குமாப்பா?” என்று எழுதியிருந்தாய். போன மாதம் கேட்டிருந்தால், கேட்காது என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்.

குண்டுகளை ஏற்றிக்கொண்டு இங்கிருந்து கப்பல் போகக் கூடாது என்று துறைமுக அலுவலகத்துக்கு எதிரே கொஞ்சம் பேர் உட்கார்ந்தார்கள். நீ வேலை பார்க்கும் ஊர் மேல் விழுவது அந்தக் குண்டுகள்தான் என்று தெரிந்த அன்றே அம்மாவும் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் போனது செட் கட்டத்தான். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, கட்டினோமா கழற்றினோமா என்று இருப்பவன் நான். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்று அம்மாவைக் கிண்டல் வேறு செய்தேன். அவள் என்னைச் சட்டை செய்யவில்லை. அலுவலகத்துக்காரர்கள் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள். எதிர்க்கடைக்காரர் வியாபாரம் படுத்துவிட்டது என்று எல்லோர் காதிலும் விழும்படி முணுமுணுத்தார்.

ஒரு சாயங்காலம் பேச்சு முடிந்து கூட்டம் கலையத் தொடங்கியது. மைக்கைக் கழற்ற மேடை ஏறினேன். அம்மா கீழே நின்று ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். உன்னிடமிருந்து போனே வராத வாரம் அது. அடக்கி வைத்திருந்ததை அவளிடம் கொட்டிவிட்டேன்.

“எந்தச் சத்தமா இருந்தாலும் ஒரு பட்டனைத் திருகி அடக்கிடுவேன். எம் பொண்ணு தலைக்கு மேல கேக்குற சத்தத்தை எதைத் திருகி அடக்குறது, சொல்லு. அவ குரலை ஒரு தடவை கேட்டாப் போதும்டி. வேற எதுவும் வேணாம் எனக்கு.”

மைக்கை நான் அணைக்கவில்லை. கட்டியிருந்த ஸ்பீக்கர் அத்தனையிலும் அது போய்விட்டது. எத்தனையோ பேச்சாளர்கள் இப்படி மாட்டிக்கொண்டு அசடு வழிந்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்று என் முறை. எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்குக் கிளம்பியவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். எதிர்க்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அலுவலக மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த அலுவலகத்திலிருந்தே சிலர் டிபன் பாக்ஸோடு வந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, சரக்கு ஏற்றும் தொழிலாளிகள் இனி அந்தப் பெட்டிகளைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மேலிடம் அசைந்தது. மறு உத்தரவு வரும்வரை கப்பல் கிளம்பாதாம். மறு உத்தரவு என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். ஆனாலும் இன்று வரை கப்பல் கரையில்தான் நிற்கிறது.

சில ராத்திரிகளாக வானம் சும்மா இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அது எங்களாலா, மழையாலா, பெரிய மனிதர்கள் எங்கோ உட்கார்ந்து பேசுவதாலா, எனக்குத் தெரியாது. எங்களால்தான் என்று அம்மா அடித்துச் சொல்கிறாள். அவளை மறுத்துப் பேச எனக்கு மனசில்லை.

எனக்குத் தெரிந்தது என் தொழில். ஒரு ஸ்பீக்கரின் சத்தம் தெருமுனை வரைதான் போகும். அது தேய்கிற இடத்தில் இன்னொன்றைக் கட்டுவோம். அடுத்த துறைமுகத்திலும் உட்காரப் போகிறார்களாம், செட் கேட்டு ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் போகிறோம். இப்படியே கட்டிக்கொண்டு வந்தால் ஒருநாள் அங்கேயும் கேட்கும் என்று நம்புகிறேன்.

நடக்க முடியாத நோயாளிகளை விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறாய். உன்னை வா என்று எழுதக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு, அதனால் எழுதவில்லை. பாதை திறந்ததும் அவர்களையும் கூட்டிக்கொண்டு மெதுவாகவே வா. அதுவரை அந்த இன்னொரு காதையாவது பத்திரமாக வைத்துக்கொள், கண்ணம்மா. நீ வந்து இறங்கும்போது நாங்கள் மைக் இல்லாமல்தான் கூப்பிடுவோம். நீ திரும்பிப் பார்க்க வேண்டும்.

தொண்டை கட்டிப்போன
உன் அப்பா