அப்பா வாயிலிருந்த புதினா மிட்டாய்

அன்புச் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுறது. நீ உடம்பும் மனசும் தெம்பா இருக்கணும். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுதத்தான் கை வரலை. போன்ல சொன்னா அழுதுடுவேன், அதான் லெட்டர்.

போன மாசம் ஸ்கேன்ல உங்கப்பாவுக்கு ஈரல்ல கொழுப்புன்னு வந்ததும், மனுஷன் திருட்டுத்தனமா குடிக்கிறார்னு உன்கிட்ட ஒப்பாரி வச்சது நான்தானே. ஈரல்னாலே குடிதான்னு என் மண்டையில ஏறிக் கிடக்கு, அதுக்கு மேல அவர் சட்டைப் பை நிறைய புதினா மிட்டாய், நாத்தத்தை மறைக்கத்தான் திங்கிறார்னு நானே முடிவு கட்டிட்டேன். நீயும் ஆத்திரத்துல, குடிச்சிட்டு ஸ்கூல் வேன் ஓட்டுறீங்களே, பிள்ளைங்க உயிர் என்ன விளையாட்டான்னு கேட்டுட்டுப் போனை வச்சுட்டே. அன்னையிலிருந்து அவரோட நீ பேசலை. அவரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லலை, இருபத்தாறு வருஷமா பிள்ளைங்களை ஏத்துறவன், வாயை ஊதிக் காட்டணுமாடின்னு என்கிட்ட மட்டும் கேட்டார்.

அடியே, அவர் ஒரு சொட்டுக் குடிச்சதில்லை! புளிச்ச ஏப்பம் வருது, முன்சீட்டுப் பிள்ளைங்க மூக்கைப் பிடிக்கும்னு வெட்கப்பட்டு மிட்டாய் போட்டிருக்கார். வயித்து டாக்டரம்மா சோதிச்சுட்டு இரைப்பையில கிருமி இருக்கு, ரொம்ப நாளாவே இருந்திருக்கும்னாங்க. அந்தக் கிருமிக்கும் ஈரல் கொழுப்புக்கும் தொடர்பு இருக்கலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுதாம், இல்லைன்னும் சிலது சொல்லுதாம், அடிச்சுச் சொல்ல முடியாதாம். குடிக்காதவங்களுக்கும் ஈரல்ல கொழுப்பு சேரும், உட்கார்ந்தே வேலை, தொப்பை, இனிப்பு இதெல்லாமும் காரணம்னு அவங்க சொன்னப்போ எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலை. இப்போ ரெண்டு வாரம் மாத்திரை, வாயெல்லாம் கசக்குதுன்னு சின்னப்பிள்ளையாட்டம் முகம் சுளிக்கிறார். பள்ளிக்கூட வாசல்ல காத்திருக்கிற நேரம் வேனைச் சுத்திச் சுத்தி நடக்கிறார், எதைத் தொலைச்சீங்கன்னு வாட்ச்மேன் கேலி பண்றாராம்.

நேத்து வேனைக் கழுவிக்கிட்டே, பிள்ளைகிட்ட சொல்லிட்டியான்னு கேட்டார். இன்னும் இல்லைன்னேன். வேண்டாம் விடு, பேசினதை நினைச்சு நினைச்சு அழுவா, குடிகாரன்னே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்னார். தப்பு என்னோடது, கோள் சொன்னவ நான். நீ மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவர் தாங்க மாட்டார். மாத்திரை போட்டீங்களாப்பான்னு மட்டும் கேளு.

நெஞ்செரியுதுன்னு நீயும் அடிக்கடி சொல்வியே, அந்தக் கிருமி ஒரு வீட்டுக்குள்ள ஒருத்தர்கிட்டேயிருந்து ஒருத்தருக்கு ஒட்டுமாம், ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடு, மறந்துடாதே. நோய் நொடி இல்லாம நூறு வருஷம் நீ நல்லா இருக்கணும் என் தங்கம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல உங்கப்பா வீட்டுலதான் இருப்பார்.

இப்படிக்கு,
அவசரக்குடுக்கை அம்மா