திங்கட்கிழமை நாறாத மிஷின்

ஜூன் 10, 2024, திங்கள்

காலையில் கட்டைப் பிரித்தால் மறுபடியும் சீழ். பிப்ரவரியில் வல்லம் வடகால் திருப்பத்தில் லாரி இடித்து, என் வீட்டுக்காரர் தளவாயின் முழங்காலுக்குக் கீழே முறிந்த எலும்பில் எஃகு பிளேட் வைத்ததிலிருந்து இதே கதை. பிளேட்டை ஒரு தடவை மாற்றியும் ஆயிற்று.

"கிருமி பிளேட் மேல படலம் கட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கும்மா. மருந்து ஊடுருவல. எலும்புக்கும் இறங்கிடுச்சு. இந்த மாசத்துக்குள்ள அடங்கலன்னா காலை எடுக்கிறதுதான் உயிருக்கு நல்லது" என்றார் டாக்டர்.

எனக்கே படலம் பற்றிச் சொல்கிறார். தொழிற்சாலைக் குழாய்களுக்குள் கட்டும் அந்த வழவழப்பை உரிப்பதுதானே எங்கள் ஆய்வகத்தின் வேலை? நான் தின்கிற சோறே அதில்தான் வருகிறது. வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது, சனியன்.

ஜூன் 12

அந்தப் பாட்டில் ஞாபகம் வந்தது.

போன வருஷம் தளவாய் ஒரு கதை சொன்னார். அவர் வேலை பார்க்கிற கம்பெனியில், இரும்பு கடைகிற மிஷின்களில் சூடு தணிய எண்ணெய் கலந்த வெள்ளைத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஞாயிறு லீவில் அது தேங்கிக் கிருமி கட்டும், திங்கட்கிழமை மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். "எங்க நாலாம் நம்பர் மட்டும் நாறாது, பாத்துக்க" என்று அவருக்குப் பெருமை. "இன்னாங்க, ஊதுபத்தி காட்றீங்களா அதுக்கு?" என்று கிண்டல் பண்ணினேன். ரோஷம் வந்து, தண்ணீர் பாட்டிலில் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார், திருநெல்வேலிக்காரர்.

ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால், அதற்குள் ஒரு கிருமி இருந்தது. அது சுரக்கிற சாறு மற்ற கிருமிகளை அண்டவிடுவதில்லை, அவை கட்டிய படலத்தையும் கரைக்கிறது. எங்கள் ஆய்வகத் தலைவர் சங்கரநாராயணன் சார் அதற்கு 'த-4' என்று பெயர் வைத்தார். த, தளவாய்க்காக.

ஜூன் 18

டாக்டரிடம் கெஞ்சி வாங்கிவந்த சீழிலிருந்து கிருமியை வளர்த்து, ஒரு எஃகுத் துண்டில் படலம் கட்டவிட்டிருந்தேன். நேற்று த-4 சாற்றில் போட்டேன். இன்று பார்த்தால் எஃகு பளிச்சென்று இருக்கிறது. அவர் காலில் இருக்கும் அதே கிருமி! ஆய்வகம் என்றும் பார்க்காமல் அழுதேன்.

சார் பக்கத்தில் வந்து நின்றார். "பிரவீனா, இது குழாய்க்கும்மா. மனுஷ உடம்புக்குப் போகணும்னா எத்தனையோ வருஷம் ஆகும். ஆசைய வளத்துக்காத."

எத்தனையோ வருஷம். எனக்கு ஒரு மாசம்கூட இல்லையே சார்.

ஜூன் 23

தளவாயிடம் சொல்லியிருக்கக் கூடாது. வாய் நிற்கவில்லை எனக்கு.

"ஏட்டி, அத ஊத்திருட்டி. என் மிஷின்லருந்து வந்தது எனக்குக் கேக்காதா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுப்பது?

ஜூன் 25

சாறு ஒரு சின்ன பாட்டில், டிபன் பையில். திருடி ஆகிவிட்டேன். கிளம்பும்போது மட்டும் என்னவோ பயம், ரத்தத்தில் பட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, ஆய்வகத்தில் ரத்தம் கலந்த ஜெல்லித் தட்டில் ஒரு சொட்டு விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் "கொண்டாந்தியா?" என்றார். நாளைக்கு என்றேன்.

ஜூன் 26

சிவப்புத் தட்டில் சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம். வேறு தட்டாக இருந்தால், கிருமி செத்த அடையாளம் என்று வட்டத்தைப் பார்த்ததும் குதிப்போம். இது ரத்தத் தட்டு. அணுக்கள் வெடித்துக் கரைந்த வட்டம். படலத்தை உரிக்கிற அதே சாறு ரத்தத்தையும் உரிக்கிறது. நேற்றே ஊற்றியிருந்தால்... ஐயோ.

தளவாயிடம் சொன்னேன், நம்பவில்லை. "வேலை போயிரும்னு பயந்துட்ட. அதான் விஷயம்."

இல்லங்க. இல்லவே இல்ல. எப்படிச் சொன்னா நம்புவீங்க?

ஜூலை 4

எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 21

பேசுவதில்லை. பாத்ரூம் போக என் தோளைக் கொடுத்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார். இன்று கீழே விழுந்தார், தூக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். "ஊத்தியிருந்தா நான் நடந்திருப்பேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நான் செய்தது சரிதான். சரியாய் இருந்து இன்னா பிரயோஜனம்? பக்கத்தில் படுத்திருக்கும் ஆள் என்னைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறார்.

ஆகஸ்ட் 15

ஊரெல்லாம் லீவு. எனக்கு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

செயற்கைக் காலோடு இன்று வேலைக்குப் போனார். மிஷின் லைனில் இல்லை, ஸ்டோரில் உட்காருகிற வேலை. சாயங்காலம் ஆட்டோ பிடித்து நேராக எங்கள் ஆய்வகத்துக்கு வந்து நின்றார். ஒன்றும் புரியாமல் ஓடினேன்.

"நாலாம் நம்பரும் நாறுதுட்டி" என்றார். இவர் இல்லாத நேரத்தில் தொட்டியைக் கழுவி, கிருமி கொல்லும் மருந்து ஊற்றிப் புதுத் தண்ணீர் மாற்றிவிட்டார்களாம். "அது உங்கிட்ட இருக்கா?"

ஃபிரிட்ஜில் இருந்த கண்ணாடிக் குழாயை எடுத்துக் காட்டினேன். த-4. வெளியே இனி எங்கும் இல்லை.

அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்த ரத்தத் தட்டையும் காட்டு" என்றார். சார் அதன் படத்தை எடுத்து வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் அந்த வட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். சார் மெதுவாக வெளியே போய்விட்டார்.

"இதுதான் உள்ள நடந்திருக்குமா?"

"ஆமாங்க."

கண்ணாடிக் குழாயை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "பத்திரமா வைட்டி. பேக்டரிக் குழாய்க்காவது ஆவட்டும்."

வாசலில் மூன்று படி. கைப்பிடிச் சுவர் அவர் கைக்கு எட்டும் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைப் பிடிக்கவில்லை, என் தோளில் கையை வைத்தார். முழு பாரத்தையும் போட்டு இறங்கினார். தோள் இன்னும் வலிக்கிறது.