புளியில்லாத குழம்பு

இன்று துறைமுகத்துக் கடைக்குப் புளி வந்திருந்தது. பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தேன். உன் நினைவுதான் வந்தது. பழவேற்காட்டிலிருந்து நாம் இரண்டு பேரும் இந்த வளைகுடாக் கரைக்கு மீன்பிடிக்க வந்த முதல் வருடம், இப்படி ஒரு பொட்டலத்துக்காக எத்தனை கடை ஏறி இறங்கியிருப்போம்!

வந்த பத்தாம் நாளே வலைக்கயிற்றில் சிக்கி என் வலது கை விரல்கள் நசுங்கின. முதலாளி என்னை ஊருக்கு அனுப்பப் பார்த்தார். நீதான் குறுக்கே புகுந்து, இவன் நன்றாகச் சமைப்பான் என்று அரைகுறை இந்தியில் சொன்னாய். வெந்நீர்கூட ஒழுங்காக வைத்தறியாதவன் நான்.

"இன்னா மச்சான், இப்டி சொல்லிட்ட?"

"கை ஆறுற வரைக்கும் சமாளிடா. துன்னப்போறது நானும் இன்னும் நாலு பேருந்தான்."

புளிப்புக்குக் கடையில் கிடைத்தது காய்ந்து கறுத்த எலுமிச்சைதான். லூமி என்றார்கள். கொட்டைப்பாக்கு போல் இறுகிக் கிடந்ததை முழுசாகவே குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டேன். வேப்பெண்ணெய் தோற்றுப்போகும் கசப்பு. ஒருவர் முதல் வாயிலேயே எழுந்து படகின் ஓரம் போய்க் கடலில் துப்பினார். முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். நீ மட்டும் தலை நிமிராமல் தின்று முடித்து, "நல்லாத்தான் கீது, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று தட்டை நீட்டினாய். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். என் வேலை நிலைத்தது.

லூமியை உடைத்து விதையை எடுத்துவிட வேண்டும், இரண்டு பேரீச்சம்பழம் கரைத்து ஊற்ற வேண்டும் என்று பிறகு கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. குழம்பு மெல்ல வாய்க்கு வந்தது. ஆனாலும் நம் ஏரி மடவை மீன் குழம்பு ஆகிவிடுமா? ஊரில் மடவை வலையில் படும் மாதங்களில் நீ கொஞ்சம் குறைவாகப் பேசுவாய்.

அப்படி ஒரு மாதத்தில்தான் விடுப்பில் ஊருக்குப் போனாய். நெஞ்சுவலி என்று பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். செய்தி வந்தபோது நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். எனக்கு விடுப்புக் கிடைக்க ஐந்து மாதமாயிற்று.

உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணே, நீ வைக்கிற கொழம்பு என் கொழம்பாட்டமே கீதுன்னு தெனமும் போன்ல சொல்லுவாரு. ஒருவாட்டி வச்சிக் குடேன்."

பெட்டியில் கொஞ்சம் லூமி இருந்தது. அவள் அடுப்பிலேயே வைத்தேன். ஒரு வாய் தின்றவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுவா? இதுவா என் கொழம்பாட்டம் இருந்துச்சாம்?"

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைய, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்லா சாப்புட்டுக்கினு கீறாருன்னுதானே அண்ணே நான் இங்க நிம்மதியா இருந்தேன்" என்றாள். பிறகு தட்டை அருகே இழுத்து, ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.

நான் இந்தக் கரைக்கே திரும்பி வந்துவிட்டேன், மச்சான். விரல்கள் இன்னும் முழுசாக மடங்காது. சமையல் இப்போதும் நான்தான். நேற்று என் மனைவி போனில், "இன்னா சாப்ட்ட?" என்று கேட்டாள். குழம்பு தீய்ந்துபோய், வெறும் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றிருந்தேன்.

"மீன் கொழம்புதான். அப்டியே நீ வைக்கிற மாதிரி" என்றேன்.

அவளும் நம்பினாள்.